பழங்கட்டடப் பொருட்களின் மறுபயன்பாடு

பழங்கட்டடப் பொருட்களின் மறுபயன்பாடு என்பது, இடிக்கப்படும் அல்லது கைவிடப்பட்ட கட்டடங்களிலிருந்து கல், செங்கல், மரம், ஓடு, இரும்பு முதலியவற்றைச் சேதமின்றிப் பிரித்தெடுத்து வேறு கட்டுமானங்களில் பயன்படுத்துவதாகும். பொருளை உருக்கியோ அரைத்தோ புதிய பொருளாக மாற்றும் மறுசுழற்சியிலிருந்து இது வேறுபட்டது. இங்கு தூண் தூணாகவும் கதவு கதவாகவுமே மீண்டும் பயன்படுகிறது. வீடு கட்டுவோர் இதனை நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். அணை, அருங்காட்சியகம், பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டு அமைப்புகளும் இம்முறையில் உருவாகியுள்ளன.

மீட்கப்படும் பொருட்கள்

ஒரு கட்டடத்திலிருந்து எவ்வளவு பொருளை மீட்க முடியும் என்பது அது எவ்வாறு கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லை விட மென்மையானது. எனவே சுண்ணாம்புக் கட்டுமானத்தில் செங்கற்களை முழுதாகப் பிரித்து, ஒட்டியுள்ள சாந்தைச் சுரண்டி மீண்டும் அடுக்கலாம். சிமெண்ட்டுச் சாந்து கெட்டியாகப் பற்றிக்கொள்வதால் பிரிக்கும்போது செங்கல்லே உடைகிறது. கம்பி கட்டிய காங்கிரீட்டிலிருந்து பெரும்பாலும் இரும்புக் கம்பியும் உடைத்த சல்லியுமே கிடைக்கும்.

மரப்பொருட்களில் தேக்கு பெரிதும் விரும்பப்படுகிறது. பல பத்தாண்டுகள் உலர்ந்த பழைய தேக்கு, புதிய மரத்தைப் போலச் சுருங்குவதோ முறுக்கிக் கொள்வதோ குறைவு. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தேக்கு மிகுதியாகப் பயன்பட்டது. அவ்வீடுகளில் பல பிற்காலத்தில் பிரித்து விற்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் வழியாக வெளியூர்களுக்குச் சென்றன.

பிரித்தெடுக்கும் முறை

இடிப்பது வேறு, பிரிப்பது வேறு. பிரித்தெடுத்தல், கட்டிய வரிசைக்குத் தலைகீழாக நடைபெறும். முதலில் ஓடுகள், பின்னர் கைமரங்கள், உத்திரங்கள், தூண்கள், கதவு நிலைகள் என இறக்கப்பட்டு, சுவரும் அடித்தளமும் இறுதியில் பிரிக்கப்படும். கட்டடத்தை வேறிடத்தில் அதே வடிவில் எழுப்புவதாயின் முன்கூட்டியே அளவெடுத்து வரைபடம் தயாரித்து, ஒளிப்படம் எடுத்து, ஒவ்வோர் உறுப்பிற்கும் எண் இட வேண்டும். எண் இடாமல் பிரித்தால் எஞ்சுவது மரக்குவியலே. அது மீண்டும் அதே வீடாகாது. ஆணிகளை நீக்குவதும், கரையான் அரித்த பகுதியை வெட்டி அகற்றுவதும் அடுத்த பணிகளாகும்.

கங்கைகொண்ட சோழபுரமும் கீழணையும்

தமிழகத்தில் இத்தகைய மறுபயன்பாட்டின் நன்கறியப்பட்ட பழைய எடுத்துக்காட்டு, கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் 1836ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட கீழணையாகும். இதற்கான கருங்கல், அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் கோயிலிலிருந்து எடுக்கப்பட்டது. முதலாம் இராசேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அக்கோயிலின் சுற்றுமதில் பெரும்பாலும் பெயர்க்கப்பட்டது. சிற்ப வேலைப்பாடு கொண்ட கற்களும் தப்பவில்லை. ஊர் மக்கள் இதனைத் தடுக்க முயன்றதால் தண்டிக்கப்பட்டனர். கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தரப்படும் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுள்ளது.

அணையால் விளைந்த பயனும் பெரியது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரி நிரம்புகிறது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், கீரப்பாளையம் வட்டாரங்களின் நெல் வேளாண்மை இந்நீரமைப்பைச் சார்ந்தது. 2004ஆம் ஆண்டு முதல் வீராணத்து நீர் சென்னையின் குடிநீருக்கும் செல்கிறது. அதே 2004இல் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. பெயர்க்கப்பட்ட மதிலின் எந்தக் கல் எங்கிருந்தது என்ற விவரம் இல்லாததால் அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை.

தட்சிணசித்ரா

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் அமைந்துள்ள தட்சிணசித்ரா, இதற்கு நேர்மாறான அணுகுமுறைக்கு எடுத்துக்காட்டாகும். 1984இல் டெபோரா தியாகராசனால் நிறுவப்பட்ட சென்னைக் கைவினை அறக்கட்டளை இதனை நடத்துகிறது. 1996 டிசம்பர் 14 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வளாகத்தின் தொடக்கத் திட்டத்தைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வகுத்தார். பின்னர் பென்னி குரியாக்கோசு பணியைத் தொடர்ந்தார்.

ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்பில் தமிழ்நாடு, கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் 18 மரபு வீடுகள் இங்குள்ளன. செட்டிநாட்டு வணிகர் வீடு, கோட்டயம் பகுதியின் சிரியக் கிறித்தவர் வீடு முதலியன இவற்றுள் அடங்கும். இங்கு மறுபடி எழுப்பப்பட்ட பழைய வீடுகள், உரிமையாளர்களால் இடிப்பதற்கென விடப்பட்டவை. அவை விலைக்கு வாங்கப்பட்டு, பிரித்துக் கொண்டுவரப்பட்டு, அந்தந்தப் பகுதித் தச்சர்களையும் கொத்தர்களையும் கொண்டே மீண்டும் கட்டப்பட்டன. இதனால் பொருளுடன் அதனைக் கையாளும் தொழிலறிவும் பயன்பாட்டிற்கு வந்தது.

பிற இடங்களில்

* சுவீடனின் சுடாக்கோம் நகரில் 1891இல் ஆர்தர் அசேலியசு நிறுவிய சுகான்சென், பல வட்டாரங்களின் வீடுகளைப் பெயர்த்து அமைத்த திறந்தவெளி அருங்காட்சியகமாகும். பிற்கால அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு இதுவே முன்மாதிரி.
* சண்டிகர் நகரம் அமைப்பதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் சிதைபொருட்களைக் கொண்டு, பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளரான நேக் சந்து 1957 முதல் எவருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் அமைத்து வந்தார். 1970களின் நடுவில் அதிகாரிகள் இதனைக் கண்டறிந்தனர். அனுமதியற்றதாயினும் அது அகற்றப்படவில்லை. 1976இல் பாறைத் தோட்டம் என்ற பெயரில் பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.
* சீனாவின் நிங்போ வரலாற்று அருங்காட்சியகத்தின் (2008) வெளிச்சுவர்களில், இடிக்கப்பட்ட ஊர்களின் ஓடுகளும் செங்கற்களும் பதிக்கப்பட்டுள்ளன. இதனை வடிவமைத்த வாங் சூ 2012இல் பிரிட்சுக்கர் பரிசு பெற்றார்.

சிக்கல்கள்

* கூலி: பொறி கொண்டு இடிப்பதை விடக் கையால் பிரிப்பதற்கு நாட்களும் ஆட்களும் மிகுதி.
* வலிமை: பழைய மரத்தையும் செங்கல்லையும் சோதிக்காமல் சுமை தாங்கும் இடங்களில் பயன்படுத்துதல் ஆபத்தானது. உப்பு ஊறிய செங்கல் பூச்சை உதிர்க்கும்.
* சந்தை: பழைய தூண்களுக்கு நல்ல விலை கிடைப்பதே, நன்னிலையில் உள்ள வீடுகளும் பிரிக்கப்படுவதற்குத் தூண்டுதலாகலாம்.
* இடம்: பெயர்த்து நட்ட வீடு தன் தெருவையும் அண்டை வீடுகளையும் இழக்கிறது. எனவே இருந்த இடத்திலேயே காக்க இயலாதபோது மட்டுமே இடமாற்றம் ஏற்கத்தக்கது என்பது மரபுக் கட்டடப் பாதுகாப்பில் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும்.
* இசைவும் பதிவும்: கீழணைக்கும் தட்சிணசித்ராவுக்கும் உள்ள வேறுபாடு இவற்றிலேயே உள்ளது. முன்னதில் வழிபாட்டில் இருந்த கோயிலின் கற்கள் மக்களின் எதிர்ப்பை மீறி எடுக்கப்பட்டன. பின்னதில் உரிமையாளர் கைவிட்ட வீடுகள் அவர்களின் இசைவுடன் பெறப்பட்டன. எந்த வீடு எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பது பார்வையாளர் அறியுமாறு உள்ளது.

சட்டம்

இந்தியாவில் கட்டட இடிபாடுகள் முன்னர் நகராட்சித் திடக்கழிவு விதிகளின் (2000) கீழ் வந்தன. 2016இல் நடுவண் அரசு கட்டுமான, இடிப்புக் கழிவுகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. கழிவுகளைத் தோன்றும் இடத்திலேயே வகை பிரிக்கவேண்டும் என்பது அவற்றின் முதன்மைக் கூறுகளுள் ஒன்றாக இருந்தது.

இவற்றையும் பார்க்க

* கங்கைகொண்ட சோழபுரம்
* கீழணை
* வீராணம் ஏரி
* செட்டிநாட்டு வீடுகள்
* லாரி பேக்கர்