பேஜ்மேக்கர் இருக்கா தம்பி?

போன பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. போலாரம் பஜாரில் காய் வாங்கிக்கொண்டு திரும்பினால், வீட்டு வாசலில் பக்கத்துத் தெரு மாமா. கையில் ஒரு சிடி.

"தம்பி, உன் கம்ப்யூட்டர்ல பேஜ்மேக்கர் இருக்கா?"

"இல்லையே மாமா, நான் வெச்சிருக்கிறது லினக்ஸ்."

"எல்லாம் சும்மாவே கிடைக்கும்னு பெருமையா சொல்லுவியே, இது மட்டும் கிடைக்காதா?"

சுருக்கென்றது. உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்து விஷயத்தைக் கேட்டேன். ராணுவம், ரயில்வே, கன்டோன்மென்ட் வேலை என்று வந்து போலாரம், அல்வால், திருமலகிரி பக்கம் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து 2001-ல் ஒரு பொங்கல் மலர் போட்டார்களாம். அதில் மாமியும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். மாமி போய் ஆறு வருஷமாகிறது. மாமா வீட்டுப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. இன்னொரு வீட்டில் கிடைத்த பிரதியில் சரியாக அந்த மூன்று பக்கத்தைக் காணோம். மிச்சம் இருப்பது இந்த சிடி மட்டும்.

இந்த இடத்தில் கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் சுத்திக்கொள்கிறேன் மக்களே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்ட நாளிலிருந்து அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு ஏக்கப் பட்டியல் உண்டு. "எல்லாம் நல்லா இருக்கு, ஆனா போட்டோஷாப் இல்லையே, பேஜ்மேக்கர் இல்லையே, நம்ம ஊர் ஆடிட்டர் கேட்கிற டேலி இல்லையே!" இதற்காகவே விண்டோஸ் மென்பொருட்களை லினக்ஸில் ஓட்டும் 'வைன்' திட்டம் 1993-லேயே தொடங்கியது. போட்டோஷாப் வேலைக்கு ஜிம்ப் 1996-ல் வந்தது. கணக்கு எழுத குனூகேஷ் வந்தது. ஆனால் ஆடிட்டருக்கு வேண்டியது கணக்கு மட்டும் இல்லை, அவர் கம்ப்யூட்டரில் திறக்கிற கோப்பு!

நம்மவர்களின் பட்டியலில் தமிழ் தட்டுவதுதான் முதலிடம். இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் மூன்றுமே விண்டோஸுக்கென்று எழுதப்பட்டவை. அந்த ஏக்கம் தானாகத் தீர்ந்தது. ஸ்கிம், பிறகு ஐபஸ் என்று உள்ளீட்டு மென்பொருட்கள் வந்தன. ஜப்பானில் உருவான எம்17என் நூலகம் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு என்று எல்லா விசைப்பலகைகளையும் கொண்டுவந்து சேர்த்தது. இன்று லினக்ஸில் தமிழ் தட்டுவது ஒரு பிரச்சினையே இல்லை.

பேஜ்மேக்கர் கதை இன்னும் விசித்திரம். ஆல்டஸ் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்தது, 1994-ல் அடோபி கைக்குப் போனது. 2001-ல் வந்த 7-வது பதிப்போடு சரி, 2004-ல் அதை வளர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், சங்க மலர் என்று நம் ஊர் டிடிபி கடைகள் தலைமுறையாக அதில்தான் பிழைத்தன. லினக்ஸுக்கு வராது என்று நாம் ஏங்கிய மென்பொருள், பிறந்த வீட்டிலேயே செத்துப்போயிற்று!

சரி, மாமா கதைக்கு வருவோம். வைனில் பழைய பேஜ்மேக்கரை ஓட்டலாமே என்பீர்கள். உரிமத்தோடு பழைய சிடிக்கு எங்கே போவது? ஆனால் ஒரு நல்ல செய்தி இருந்தது. 2015-ல் வந்த லிப்ரே ஆபீஸ் 4.4 முதல் பேஜ்மேக்கர் கோப்புகளை அதிலேயே திறக்கலாம். யாரோ சில புண்ணியவான்கள் உட்கார்ந்து அந்தக் கோப்பின் அமைப்பைப் பிரித்துப் படித்து எழுதிய நிரல்.

திறந்தது. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கிறுக்குக் குறிகளும். ஒரு தமிழ் எழுத்து இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதற்குக் காரணம் லினக்ஸ் இல்லை, நம் பழைய எழுத்துருக்கள். ஒரு பைட்டில் 256 இடம். பாதி ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் போய்விட, மீதி 128-ல் நம் 247 எழுத்தும் அடங்காது. அதனால் ஆளாளுக்கு எழுத்துகளைத் துண்டு துண்டாக்கி, தங்களுக்குத் தோன்றிய இடத்தில் வைத்தார்கள். சிலர் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழை வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும்.

இதைச் சரிசெய்ய அலைந்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்கள்தான். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைக் கொடுத்தார். 1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முயற்சியால் தமிழிணைய மாநாடு நடந்தது. பல நாட்டுத் தமிழர்கள் மின்மடலிலேயே விவாதித்து 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டை அறிவித்தது. 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்த யூனிகோட் கடைசியில் எல்லாவற்றையும் ஓரங்கட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. திஸ்கியின் அட்டவணை வெளிப்படையாக இருந்ததால், லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் 2002-லேயே அதற்கு மாற்றி எழுதிச் சேர்த்துவிட்டார்கள். திஸ்கியில் எழுதிய கடிதத்தை இன்றைக்கும் ஒரே கட்டளையில் யூனிகோடாக்கலாம். மாமியின் கட்டுரை இருந்ததோ பெயர் தெரியாத ஏதோ ஒரு எழுத்துருவில். டிடிபி கடையும் இல்லை, எழுத்துருவும் சிடியில் இல்லை. இணையத்து மாற்றிகள் ஒன்றும் பலிக்கவில்லை.

அப்புறம் உறைத்தது. மாமியின் பக்கம்தான் இல்லை, கிழிந்த பிரதியில் மற்றவர்களின் பக்கங்கள் இருக்கின்றனவே! மாமா அச்சுப் பிரதியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, திரையில் அந்த இடத்தில் என்ன குறி என்று நான் எழுதிக்கொண்டேன். நான்கு சாயங்காலம் ஆனது அட்டவணை போட. அதற்குப் பிறகும் ஒரு வில்லங்கம். பழைய எழுத்துருவில் 'கொ' என்றால் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. கொம்பைத் தூக்கி மெய்க்குப் பின்னால் வைக்கவும் சேர்த்துச் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதினேன்.

ஐந்தாம் நாள் மாமியின் மூன்று பக்கமும் தமிழில் வந்தன. 1968-ல் புதுப்பெண்ணாக மீட்டர்கேஜ் ரயிலில் போலாரம் ஸ்டேஷனில் வந்து இறங்கியது. பாஷை தெரியாமல் மளிகைக் கடையில் திகைத்து நின்று "உப்பு" என்றதும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது. தெலுங்கிலும் அது உப்புதான் என்று தெரிந்து சிரித்தது. மாமா இரண்டு தடவை படித்தார். "இதுல என்னைப் பத்தி ஒரு வரிகூட இல்லையேடா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இத்தனை வருஷம் நானும் 'லினக்ஸில் அது இல்லையே, இது இல்லையே' என்று புலம்பியவன்தான். மாமாவுக்கு வேண்டியிருந்தது பேஜ்மேக்கர் இல்லை, மாமி எழுதியது. மென்பொருள் வரும், போகும். எழுதியது யார் கைக்கும் அடங்காத பூட்டுக்குள் இருந்தால் அதுவும் கூடவே போய்விடும்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது பழைய சிடி, தாத்தா எழுதிய குடும்ப வரலாறு, பழைய சங்க மலர் கிடக்கலாம். அச்சுப் பிரதி ஒன்றாவது மிச்சம் இருக்கும்போதே, அதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதே, யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். கையோடு நாலு பிரதி அச்சிட்டு நாலு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

ஆனால் கரையான் வராத வீடாகப் பார்த்துக் கொடுங்கள் :-)