‘ஊர்’ என்பதா, ‘சமூகம்’ என்பதா? கல்முனைக் கரையோர அமைப்புகளில் சமூக உணர்வை அளத்தல்

1. அளவுகோல்

உளவியலாளர்களான டேவிட் மக்மிலனும் டேவிட் சாவிஸும் 1986இல் சமூக உணர்வை உறுப்புரிமை, செல்வாக்கு, தேவை நிறைவு, உணர்வுப் பிணைப்பு என நான்காக வகுத்தனர். அந்த வகுப்பின் மேல் எழுந்த 12 கூற்றுச் சுட்டெண், அமெரிக்க நகரத் தெருவாசிகளை மனதில் வைத்தது. 2008இல் 24 கூற்றுகளாக விரிந்தது. அதைக் கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்துப் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கோ, ஜனாஸா நலன்புரிச் சங்கங்களுக்கோ, மாதர் சங்கங்களுக்கோ கொண்டுவருபவர் முதற்சொல்லிலேயே தடுமாறுவார்.

2. சொல்

இங்கே ‘சமூகம்’ என்றால் முஸ்லிம்கள் எல்லாரும். ‘ஊர்’ என்றால் சாய்ந்தமருதோ மருதமுனையோ. ஒரு பள்ளிவாசலைச் சுற்றிய ‘மஹல்லா’ அதைவிடச் சிறியது. தனி உள்ளூராட்சிச் சபை கேட்டுச் சாய்ந்தமருதுப் பள்ளிவாசலின் ஆதரவோடு 2018 பெப்ரவரித் தேர்தலில் சுயேச்சைக் குழு இறங்கியபோது ஊரும் சமூகமும் எதிரெதிரே நின்றன. இரண்டையும் ஒரு வினாத்தாளில் கலந்துவிட்டால் வரும் சராசரிக்குப் பொருளே இல்லை.

3. குடி

இந்தக் கரையில் ‘குடி’ என்னும் குலப்பிரிவு தாய்வழி வருவது. குடிக்கொரு தலைவர், மரைக்கார்; மரபாகப் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்பவரும் அவரே. அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தம் நூலில் இம்முறையை விரிவாகப் பதிந்துள்ளார். பிறப்போடு வந்துவிடும் உறுப்புரிமையைப் பற்றி வினவினால் எல்லாரும் ‘ஆம்’ என்பார்கள். வேறுபாடே காட்டாத வினா எதையும் அளக்காது.

கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போகிறான். அவன் குடி உம்மாவுடையது, வாசல் மனைவியுடையது. ஆகவே ‘எத்தனை வருடமாக இங்கே குடியிருக்கிறீர்கள்?’ என்ற வழக்கமான கேள்வி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பொருள் தராது. பெண்ணின் நிலை இன்னும் சிக்கல். குடி அவள் வழியாகவே தொடர்கிறது. மரைக்கார் இருக்கையோ ஆணுக்குரியது. உறுப்புரிமையில் உச்சப் புள்ளியும் செல்வாக்கில் அடிமட்டமும் பெறக்கூடிய ஒருத்தியை, மொத்தப் புள்ளி ‘நடுத்தரம்’ என்று எழுதிவைக்கும். என் கருத்தில் இது பிழையான அளவு. நான்கு கூறுகளையும் தனித்தனியே அறிக்கையிட வேண்டும்.

4. கடலுக்குப் பின்

2004 டிசம்பர் 26 சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கரையில் வாழ்ந்தவர்கள் பலர் மருதமுனை 65 மீற்றர் வீட்டுத்திட்டம் போன்ற புதுக் குடியிருப்புகளுக்கு மாறினர். அவர்களிடம் 24 கூற்றுகளையும் நீட்டுமுன் ஒன்றைக் கேட்கலாம்: வீட்டில் ஒரு மௌத்து (மரணம்) என்றால் முதலில் எந்தப் பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்புவீர்கள்? என் வினாத்தாளில் இதுதான் முதல் கேள்வி.