களத்து நெல்லும் பொங்கல் இனாமும்

மார்கழி முடியும்போது நம் வாட்ஸ்ஆப் குழுவில் தவறாமல் இரண்டு கேள்விகள் வரும். மொட்டை மாடியில் பொங்கல் வைக்கலாமா? பொங்கல் இனாம் வீட்டுக்கு எவ்வளவு? முதல் கேள்விக்கு ஐம்பது பதில் வரும். இரண்டாவதற்கு நான்கு வந்தால் அதிகம். அதிலும் ஒன்று, "தீபாவளிக்குத்தான் போனஸ் கொடுத்தாச்சே!"

இந்த இரண்டாவது கேள்விக்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது.

நீங்கள் துணி எடுக்கப் போகும் தி. நகரில் பெரும்பகுதி நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்பு ஏரி. அதைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோட்டில் இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம். அசோக் நகர் மனைகளானது அதற்கும் வெகுநாள் கழித்து. அதுவரை இந்தப் பக்கமெல்லாம் கிராமம்தான்.

அந்தக் காலத்து ஊர்கள் எப்படி நடந்தன என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு சீமையில் சுமார் 2000 ஊர்களைக் கணக்கெடுத்தார். பின்னாளில் தரம்பால் என்ற ஆய்வாளர் அந்தக் கணக்குகளைத் தேடிப் படித்து எழுதினார். அறுவடை முடிந்து நெல் களத்துக்கு வந்ததும், சர்க்காருக்கும் சாகுபடிக்காரருக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே ஒரு பகுதியை அளந்து ஒதுக்கியிருக்கிறார்கள். பிரித்த பிறகும் கொஞ்சம் உண்டு. கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, ஊர்க் காவலுக்கு என்று அவரவர் பங்கு. இதற்கு மேரை, சுதந்திரம் என்று பெயர். சுதந்திரம் என்றால் இங்கே உரிமைப் பங்கு. நாம் சொல்லும் 'இனாம்' வேறு. அது கொடுப்பவர் மனசைப் பொறுத்தது.

அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களில் பலருக்கு நிலத்தில் உரிமையே கிடையாது, கிடைத்த கூலியும் சொற்பம். ஆனாலும் காவல்காரர் பங்கு கணக்கில் ஏறியிருந்தது. பண்டிகைக்குப் பண்டிகை அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளுக்கு நவம்பர் மாத தேங்க்ஸ்கிவிங் தெரிந்திருக்கும். 1621இல் பிளிமத்தில் நடந்த அறுவடை விருந்தை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அங்கே குடியேறியவர்களுக்குச் சோளம் போடக் கற்றுக்கொடுத்தது வாம்பனோவாக் பூர்வகுடி மக்கள். அவர்களும் அந்த விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு நிலம் கைமாறிவிட்டது. 1970 முதல் அதே ஊரில், அதே நாளை, பூர்வகுடியினர் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாட்ச்மேன்கள், பெருக்கும் அம்மா, குப்பை எடுப்பவர், மோட்டார் பார்ப்பவர் என ஐந்து பேர். இவர்களுக்கான தொகையை ஜனவரி மெயின்டனன்ஸ் பில்லிலேயே வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்துவிடலாம் என்பது என் யோசனை. அடுத்த கூட்டத்தில் எடுத்து வைக்கிறேன். மறுப்பு இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள்.

இன்னொன்று. போன பொங்கலுக்கு மாடியில் பானை பொங்கியது காலை எட்டு மணிக்கு. கேட்டில் இருந்தவருக்கு ஒரு கிண்ணம் கீழே போனபோது மணி இரண்டு. மறந்தவர்களில் நானும் ஒருவன். இந்த முறை முதல் கரண்டி கீழே போகட்டும். எடுத்துப்போக என் பேத்தி பெயர் கொடுத்திருக்கிறாள்.