அரத்தூள் சொன்ன சாட்சி

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பட்டறையில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: செம்பை அடிக்க அடிக்க இறுகும், நெருப்பில் காட்டினால் மறுபடி இளகும். 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை வருவதற்கு ரொம்ப முன்பே கன்னார்களுக்கு இது தெரியும். அந்த இறுக்கத்தை அணுக்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி கிடைத்தது மட்டும்தான் இருபதாம் நூற்றாண்டில்.

வழியின் பெயர் அணுக்கரு காந்த ஒத்திசைவு, சுருக்கமாக என்.எம்.ஆர். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பின்னால் இருப்பதும் இதுதான். காந்தப்புலத்தில் வைத்த அணுக்கரு குறிப்பிட்ட ஒரு ரேடியோ அலைவரிசைக்குத்தான் பதில் சொல்லும். சுற்றுப்புறம் மாறினால் அலைவரிசையும் நகரும். செம்பு உப்பில் இருக்கும் செம்பைவிட உலோகச் செம்பு சுமார் 0.23 சதவீதம் கூடுதல் அலைவரிசையில் பதில் சொல்வதை 1949-இல் வால்டர் நைட் கண்டார். உலோகத்துக்குள் சுற்றித் திரியும் எலக்ட்ரான்களின் வேலை அது.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. ரேடியோ அலை செம்புக்குள் ஆழமாகப் போகாது. 10 மெகாஹெர்ட்ஸில் சுமார் 20 மைக்ரான்தான். அதனால் உலோகத்தை அரத்தால் ராவித் தூளாக்கினார்கள். ராவுவதும் ஒருவகை அடிதானே? ஒழுங்கான படிகத்தில் எல்லாச் செம்புக் கருவுக்கும் ஒரே சுற்றுப்புறம், ஒரே குரல். நெளிந்த படிகத்தில் குரல்கள் சிதறி, சிக்னல் மெலிந்துவிடும். 1953-இல் புளூம்பெர்கனும் ரோலண்டும் இந்த நெளிவைத்தான் அளந்தார்கள். தூளைச் சூடாக்கி ஆறவிட்டால் சிக்னல் தேறியது. கன்னார் செய்ததும் அதைத்தானே!

1980-களில் ஜெர்மனியின் சார்ப்ரூக்கனில் ஹெர்பர்ட் கிளைட்டர், உலோகத்தை ஆவியாக்கி, சில நானோமீட்டர் படிகங்களாகப் பிடித்து, அழுத்திக் கட்டியாக்கினார். 5 நானோமீட்டர் படிகம் என்றால், கிட்டத்தட்ட பாதி அணுக்கள் படிகங்கள் முட்டிக்கொள்ளும் எல்லையில்தான் இருக்கும். அந்த எல்லை வாயுவைப் போல ஒழுங்கற்றது என்று கிளைட்டர் குழு வாதிட்டது. பிறகு வந்தவர்கள் கேட்டார்கள்: அது உலோகத்தின் குணமா, அழுத்தும்போது உள்ளே தங்கிய ஓட்டைகளின் குணமா? விசித்திரம் என்று சொல்லப்பட்டதில் கணிசமான பங்கு ஓட்டைகளுடையது என்று தெரியவந்தது.

எக்ஸ்-ரே பெரும்பாலும் சராசரியைத்தான் காட்டும். என்.எம்.ஆரிலோ ஒவ்வொரு கருவும் தன் அக்கம்பக்கத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும். எல்லை அணுக்களை விசாரிக்க அதனால்தான் இது பொருத்தமான கருவி. ஆனால் பழைய வைத்தியம் இங்கே செல்லாது. அரத்தூளைச் சூடாக்கினால் கோளாறு தீரும். நானோ செம்பைச் சூடாக்கினால் படிகங்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துவிடும். விசாரிக்க வந்த எல்லையே கரைந்துபோகும்.