தேரிக்காட்டில் எழுந்த ஊர்கள்

ஞானஸ்நானம் பெற்றவன் புதிய மனிதனாகிறான் என்பது கிறிஸ்தவ வேதம் எங்கும் போதிக்கும் தத்துவமேயாயினும், அப்புதிய மனிதன் குடியிருக்கப் புதிய ஊரொன்றும் வேண்டும் என்னும் நிர்ப்பந்தம் நேர்ந்து, அதன் பயனாகச் செம்மணல் தேரிகளின் ஓரத்தே கிராமங்கள் பல அடுத்தடுத்து எழுந்த வரலாறு திருநெல்வேலிச் சீமைக்கு ஒரு தனிச் சிறப்பைத் தந்திருக்கிறது.

இச்சீமையின் புராட்டஸ்டண்டு சபை முதலில் பாளையங்கோட்டையின் கோட்டை நிழலிலேதான் வளர்ந்தது. 1778இல் மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா என்னும் பிராமண விதவையின் முயற்சியால் அங்கே எழுந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேரே. பட்டாளத்தின் பாதுகாப்பில் இருந்த அவர்களுக்கு, வேதத்தில் சேர்ந்ததற்காக வீடிழக்கும் கதி நேரவில்லை.

தெற்கே பனங்காட்டு நிலைமை வேறு. சாத்தான்குளத்தை அடுத்த சிற்றூரொன்றில் நாடார் குலத்தில் பிறந்து, தஞ்சாவூரிலே கிறிஸ்தவராகி, 1797ஐ ஒட்டி உபதேசியாராகத் தம் உறவினரிடம் திரும்பிய தாவீது சுந்தரானந்தம், பனையேறிப் பிழைத்த அந்த ஜனங்களிடையே பிரசங்கிக்கத் தொடங்கியதும், கேட்டவர்கள் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்தனர். சேர்ந்த வேகத்திலேயே உபத்திரவமும் மூண்டு, அவர்கள் கட்டிய ஜெபக்கூடம் தரைமட்டமாக்கப்பட்டது. பழைய ஊரில் இனி வாழ முடியாதென்று தெளிந்த தாவீது, 1799இல் நிலம் வாங்கி, பனையோலை வேய்ந்த கோயிலொன்றைச் சுற்றிச் சில குடும்பங்களைக் குடியமர்த்தினார். அவ்வூரே முதலூர். இன்று தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத்து அல்வாவுக்காக அவ்வூருக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்களோ! தாவீதோ ஆட்டுக்குட்டியின் சாந்தம் வாய்ந்தவரல்லர். தடிக்கம்பு ஏந்திய ஆட்களைத் திரட்டிச் சபையாரைக் காக்க முற்பட்டவர் என்று சொல்லப்படுகிறது. அடித்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொன்ன வேதத்துக்கு இது எவ்வாறு பொருந்தும் என்று வினவுவது எளிது. கூரையிழந்த குடும்பத்தின் நடுவே நின்று வினவுவது எளிதன்று. அவர் நஞ்சூட்டப்பட்டு மாண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

1802இல் மிஷனெரியான கெரிக்கே ஐயர் வந்தபோது ஜனங்கள் திரள்திரளாக ஞானஸ்நானம் பெற்றனராயினும், பின்னர் மேய்ப்பரின்றியும் கொள்ளைநோய்க்கு அஞ்சியும் பலர் பழைய தெய்வங்களிடமே திரும்பினர். புதுவாழ்வு ஒருமுறை பெற்றால் நிலைத்துவிடும் என்று பிரசங்கிமார் கூறுவதை இச்சரித்திரம் அங்கீகரிக்கவில்லை. 1820இல் வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் இதை நன்குணர்ந்தவர்; உபத்திரவப்படுவோருக்கு நிலம் வாங்கித் தரும் பொருட்டு 1830இல் தரும சங்கத்தை ஏற்படுத்தினார். பிரஷ்யப் பிரபு தோனா என்பவரின் கொடையால் 1827இலேயே தோனாவூர் எழுந்திருந்தது. நாசரேத்து, மெஞ்ஞானபுரம், சாயர்புரம் எனப் பெயர்கள் பெருகின. இடையன்குடிக்கு 1841இல் வந்த கால்டுவெல் ஐயர் தெருக்களை நேர்கோடாக வகுத்தார். அவர் தொடங்கிய ஆலயம் முடிய 1880 ஆயிற்று.

தெரு நேரானதுபோல் சாதி எளிதில் கரையவில்லை. ஓர் ஊரார் பெரும்பாலும் ஒரே குலத்தாராய் இருந்தமையால், சாதி வேற்றுமை அங்கே சோதிக்கப்படாமலே நின்றது என்பதே என் எண்ணம். ஆனால் உலையேற்றும்போது தாய்மார் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கும் வழக்கமும், ஆலயப் பண்டிகையில் ஊர் முழுதும் ஒன்றாயுண்ணும் அசனமும் இவ்வூர்களில் வேரூன்றின. வாங்கியே பழகிய சபை கொடுக்கவும் கற்றது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா முதலானோர் 1903இல் இந்திய மிஷனெரிச் சங்கத்தைப் பாளையங்கோட்டையிலே ஸ்தாபித்து, திருநெல்வேலியாரின் சொந்தப் பணத்தைக்கொண்டே தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினர். அந்நாட்டுத் தோர்ணக்கல்லுக்கே 1912இல் அசரியா அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார்.