மரப்பையன் யாருக்குச் சொந்தம்?

2001-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், அமெரிக்காவின் கனெக்டிகட் ராஜ்யத்தில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் ஒரு விசித்திரமான வழக்கில் தீர்ப்புக் கூறியது. சொத்துத் தகராறுதான், ஆனால் சொத்து நிலமும் அல்ல, நகையும் அல்ல. 27 அங்குல உயரமுள்ள ஒரு மரப்பொம்மை. செம்பட்டைத் தலைமயிர், கௌபாய் உடுப்பு, காதுக்குக் காது எட்டும் சிரிப்பு, முகமெல்லாம் சிவந்த புள்ளிகள். பெயர் ஹௌடி டூடி. பல வருஷங்கள் அதைக் கயிறு பிடித்து ஆட்டிய ரூஃபஸ் ரோஸ் என்பவரின் குடும்பத்தார் ஒரு கட்சி. டெட்ராய்ட் நகரத்துக் கலைக்கூடம் இன்னொரு கட்சி. பொம்மை கலைக்கூடத்துக்கே சேரும் என்று தீர்ப்பாயிற்று.

இந்தப் பொம்மை மீது உரிமை கொண்டாடியவர்கள் இந்த இரண்டு கட்சியார் மட்டுந்தானா என்றால், இல்லை. உடம்பு உண்டாவதற்கு முன்பே அதற்குச் சொந்தக்காரர்கள் முளைத்துவிட்டார்கள்.

அது நடந்தது வானொலிக் காலத்தில். பஃபலோ என்ற ஊரிலிருந்து நியூயார்க் வந்த பாப் ஸ்மித், என்.பி.சி. வானொலியில் குழந்தைகளுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தி வந்தார். அதில் எல்மர் என்ற பட்டிக்காட்டுப் பாத்திரம் ஒன்று உண்டு. குரல் ஸ்மித்தினுடையதேதான். எல்மர் வரும்போதெல்லாம், நாம் "சௌக்கியமா?" என்று கேட்பதைப்போல, "ஹௌடி டூடி!" என்று ஒரு கும்பிடு போடுவான். பிள்ளைகளுக்கு எல்மர் என்ற பெயர் மறந்து போயிற்று. அவர்கள் பாட்டுக்கு அவனை ஹௌடி டூடி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நிகழ்ச்சியை நேரில் பார்க்க நிலையத்துக்கு வந்த குழந்தைகள், "எங்கே அவன்?" என்று தேடினார்கள். கண்ணெதிரே இருந்ததோ ஒரு மைக்கும், அதன் முன்னே ஒரு தடித்த மனிதரும். முகம் தொங்கிப் போயிற்று.

ஆக, பெயர் வைத்தவர்கள் பிள்ளைகள். உடம்பு வேண்டும் என்று கேட்டவர்களும் பிள்ளைகள். டெலிவிஷன் வந்தது, உடம்பு செய்ய ஏற்பாடாயிற்று.

1947 டிசம்பர் 27-ஆந் தேதி, சனிக்கிழமை, முதல் நிகழ்ச்சி. முந்தின நாள் நியூயார்க்கில் கொட்டிய பனி இரண்டடிக்கு மேல். வீட்டை விட்டு யாரும் கிளம்ப முடியாத நாள். டெலிவிஷன் பெட்டி வைத்திருந்த சிலருக்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு கதி கிடையாது. இத்தனை அதிர்ஷ்டத்தோடு ஆரம்பித்த நிகழ்ச்சியில் ஒரே ஒரு குறை: கதாநாயகன் இன்னும் தயாராகவில்லை! பாப் ஸ்மித் அசரவில்லை. "அவனுக்கு ரொம்ப வெட்கம். மேஜை அறைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறான்" என்று சொல்லி, அறைக்குள்ளிருந்து குரல் வருவதுபோலப் பேசிக் காட்டினார். குழந்தைகள் நம்பினார்கள்.

நிகழ்ச்சியில் அவர் செய்த பெரிய யுக்தி பொம்மை அல்ல என்பது என் அபிப்பிராயம். படிக்கட்டுப்போல் பெஞ்சு போட்டு 40 பிள்ளைகளை உட்கார வைத்தாரே, அதுதான். 'கடலை காலரி' என்று அதற்குப் பெயர். பழைய நாடகக் கொட்டகைகளில் மலிவு டிக்கெட் வாங்கி உச்சியில் உட்கார்ந்து, ஆட்டம் பிடிக்காவிட்டால் நடிகர்மேல் வேர்க்கடலையை வீசுவார்களே, அந்த ரகத்தாருக்கு ஏற்பட்ட பெயர் அது. நம்முடைய 'தரை டிக்கெட்' மாதிரி. ஸ்மித் கேமராவைப் பார்த்து, "குழந்தைகளே, இப்போது என்ன நேரம்?" என்று கேட்பார். "ஹௌடி டூடி நேரம்!" என்று காலரி கூரை பிளக்கக் கத்தும். கேட்பதும் கத்துவதும் வெறும் ஆரம்பம். கிளாரபெல் என்றொரு ஊமைக் கோமாளி உண்டு. பேச்சுக்குப் பதில் 'பாம் பாம்' என்று ஹாரனை அமுக்குவான். சோடாத் தண்ணீர் பீச்சும் புட்டியோடு அவன் ஸ்மித்தின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி வருவான், காலரி அலறும், ஸ்மித் வேண்டுமென்றே தப்பான பக்கம் திரும்புவார். இந்த அலறலைக் கேட்டு, எங்கோ வீட்டில் பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் சேர்ந்து அலறும். தன்னைப் போன்ற ஒருவன் உள்ளே இருக்கிறான் அல்லவா? அவன் குரலுக்குப் பதில் கிடைத்தால் தனக்குக் கிடைத்த மாதிரி.

இந்தக் குரலுக்கு விலை உண்டு என்பது 1948-இல் தெரிந்தது. அது அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் வருஷம். ட்ரூமனும் ட்யூயியும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த சமயத்தில், 'எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜனாதிபதி' என்ற பதவிக்கு ஹௌடி டூடியையும் நிறுத்தினார்கள். கடிதம் எழுதும் குழந்தைக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் தேர்தல் பொத்தான் இலவசம் என்று அறிவித்தார்கள். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. டெலிவிஷன் பெட்டிகளே சொற்பமாக இருந்த காலத்தில் அத்தனை கடிதங்கள்! விளம்பரக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். குழந்தை ஓட்டுப் போட்டதாக நினைத்தது. வியாபாரி தலையை எண்ணிக்கொண்டான். பிறகு காலரியே பற்பசைக்கும் ரொட்டிக்கும் துதி பாடிற்று. இதில் எனக்கு அவ்வளவு சந்தோஷமில்லை. ஆனால் அந்தப் பற்பசை இல்லாவிட்டால் காலரியும் இருந்திராது.

கிராக்கி கண்ட இடத்தில் சண்டை வராமல் இருக்குமா? ஹௌடி டூடி பொம்மைகள் செய்து விற்கலாம் என்று கடைக்காரர்கள் வந்தார்கள். லாபம் யாருக்கு என்ற கேள்வி பிறந்தது. பொம்மையைச் செய்து ஆட்டியவர் ஃபிராங்க் பாரிஸ். "செய்தவன் நான்" என்றார் அவர். "பாத்திரம் எங்களுடையது" என்றது கம்பெனி. ஒருநாள், நிகழ்ச்சி ஆரம்பிக்கச் சில மணி நேரமே இருக்கையில், பாரிஸ் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்.

ஆக, கதாநாயகன் மீண்டும் காணவில்லை. மேஜை அறைக் கதை இனிச் செல்லாது. ஆனால் தேர்தல் கைகொடுத்தது. ஹௌடி டூடி ஓட்டுக் கேட்கச் சுற்றுப்பிரயாணம் போயிருக்கிறான் என்றார்கள். பிறகு, ஓட்டர்களைக் கவர்வதற்காக முகத்தை ஆபரேஷன் செய்து அழகாக்கிக்கொள்ளப் போகிறான் என்றார்கள். முகம் முழுவதும் கட்டுப் போட்ட ஒரு பொம்மை சில நாள் ஆடியது. 1948 ஜூனில் கட்டு அவிழ்ந்தது. வெல்மா டாஸன் என்ற பெண்மணி செய்த புது முகம் வெளியே வந்தது. பழைய முகம் விகாரமானது. இதுவோ பக்கத்து வீட்டுப் பையன்போல் இருந்தது. கன்னத்தில் 48 புள்ளிகள்; அப்போது அமெரிக்காவில் ராஜ்யங்கள் 48. ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு மேல் கழிந்து டெட்ராய்ட்டுக்காரர்கள் வழக்காடி வென்ற ஹௌடி டூடி, இந்தப் புது முகத்துப் பையன்தான்.

குழந்தைகள் இந்த மோசடியை எப்படி ஏற்றார்கள் என்று பெரியவர்கள் வியக்கலாம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் வியப்பில்லை. முகம் மாறியது, ஆனால் மாறியதற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. அதுவும் அவர்கள் போட்ட ஓட்டுக்காகவே மாறியதாம்! குரலோ பழைய குரல்தான். காலரி கத்தினால் பதில் வந்தது. அதற்கு மேல் அவர்கள் எதையும் கேட்கவில்லை.

கம்பெனி இதிலிருந்து கற்ற பாடம், யாரை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது போலும். 1952 டிசம்பரில், கூலி உயர்த்திக் கேட்ட சிலரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஊமைக் கோமாளியாக நடித்த பாப் கீஷன் அவர்களில் ஒருவர். ஒரு காலத்தில் அதே கம்பெனியில் ஏவலாளாக இருந்த பையன். வெள்ளைப் பூச்சுக்குள் வேறொருவரை நுழைத்துவிட்டார்கள். கீஷன் சும்மா இருக்கவில்லை. 1955-இல் 'காப்டன் கங்காரு' என்று சொந்தமாக ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்து, 1984 வரை நடத்தினார். அதில் கூச்சலிடும் காலரி கிடையாது. ஒரே ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார். பழைய இடத்தில் ஐந்து வருஷம் ஊமையாய் நின்று அவர் என்ன யோசித்திருப்பார் என்பது இதிலிருந்து கொஞ்சம் தெரிகிறது.

அதே 1955-இல் டிஸ்னியின் 'மிக்கி மௌஸ் கிளப்' வந்தது. வர்ணப் படமாகவும் ஆகியிருந்த ஹௌடி டூடிக்கு மாலை நேரம் கைநழுவிற்று. 1956-லிருந்து சனிக்கிழமை காலை மட்டும். 1960 செப்டம்பர் 24-ஆந் தேதி, 2,343-ஆவது நிகழ்ச்சியோடு மூடுவிழா. அன்று கிளாரபெல்லிடம் ஒரு ரகசியம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் தெரிந்தது: அவனுக்குப் பேச வருமாம்! அன்று அந்த வேஷத்தில் இருந்தவர் லூ ஆண்டர்ஸன். முரசு முழங்க, கேமரா அவர் முகத்தருகே வந்தது. உதடு துடித்தது. "போய் வருகிறேன், குழந்தைகளே" என்று மெல்லிய குரலில் சொன்னார். பதின்மூன்று வருஷம் காலரியின் கூச்சலுக்கெல்லாம் ஹாரனால் பதில் சொன்ன கோமாளி வாயைத் திறந்து பேசியது அவ்வளவுதான்.

பத்து வருஷம் கழிந்தது. 1970-இல் பென்ஸில்வேனியா சர்வகலாசாலை மாணவர்கள் பாப் ஸ்மித்தை அழைத்தார்கள். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கலாசாலைகளில் அமைதி இல்லை. ஸ்மித் தம்முடைய பழைய தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு எத்தனையோ கலாசாலைகள் அழைத்தன. தாடியும் நீண்ட மயிருமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அவர் தம்முடைய வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவர்களும் பதில் சொன்னார்கள், கூரை பிளக்க.