பேருந்துக்கு ஒரு தேர்வு

மில்லர்புரத்தில் நகரப் பேருந்துக்குக் காத்திருப்போரைக் கவனியுங்கள். வண்டி நின்றதும் கல்லூரி மாணவர் தாவி ஏறிவிடுகிறார். கூடையோடு வரும் பாட்டியோ கம்பியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்க ஏறுகிறார். சக்கர நாற்காலியில் வருபவர் ஏற வழியே இல்லை. படி ஏன் இவ்வளவு உயரம்? விடையில் பாதிதான் பொறியியலில் இருக்கிறது. பேருந்து வாங்கப் பணம் தந்தவர்கள் யார், தரும்போது என்ன கேட்டார்கள் என்ற வரலாற்றில் இருக்கிறது மீதி.

லாரியின் அடிச்சட்டம்

1972இல் பல்லவன், பாண்டியன் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. 1974இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் கழகம் பிறந்தது. தூத்துக்குடிக்கும் அதுவே பேருந்து விட்டது. 1997இல் இப்பெயர்கள் நீக்கப்பட்டு, பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றாயின.

புதிய வண்டிக்குப் பணம்? 1975இல் தமிழ்நாடு போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகம் நிறுவப்பட்டது. அது பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்றுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கடன் கொடுத்தது. உங்கள் தாத்தா போட்ட வைப்புத்தொகையும் ஒரு பேருந்தாக ஓடியிருக்கலாம்! ஆனால் வைப்புத்தொகை போட்டவர் வட்டி விகிதத்தைத்தான் கேட்க முடியும். படியின் உயரத்தைக் கேட்க முடியாது.

அக்காலத்துப் பேருந்தின் அடிச்சட்டம் பெரும்பாலும் லாரியின் அடிச்சட்டத்தைத் தழுவியது. முன்னால் எஞ்சின், நீண்ட நேரான சட்டம், அதற்குக் கீழே அச்சு. இதன்மேல் தளம் அமைத்தால், அது தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில்தான் நிற்கும். மேடு பள்ளமான கிராமச் சாலைக்கு அது ஏற்றதே. நகரத்துக்கும் அதுவே வந்து சேர்ந்தது.

சாய்த்துப் பார்க்கும் சோதனை

சோதனையே இல்லாமல் இல்லை. பிரிட்டனிலிருந்து வந்து, நம் மாநிலங்கள் பலவற்றின் மோட்டார் வாகன விதிகளில் இடம்பெற்ற ஒரு விதியைப் பாருங்கள். ஒற்றைத் தளப் பேருந்தை 35 பாகை சாய்த்தாலும் அது கவிழக் கூடாது. இரட்டைத் தளப் பேருந்தில் மேல்தளத்தில் மட்டும் பாரம் ஏற்றி, 28 பாகை சாய்க்க வேண்டும்.

இதில் உள்ள இயற்பியல் எளிது. ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு சக்கரத்திற்கு வெளியே விழுந்தால் வண்டி கவிழும். சக்கரங்களின் இடைவெளி 2 மீட்டர் எனக் கொள்வோம். அதில் பாதி 1 மீட்டர். 35 பாகையின் டேன்ஜெண்ட் 0.70. ஆகவே ஈர்ப்பு மையம் சுமார் 1.4 மீட்டருக்கு மேல் இருந்தால் வண்டி தோற்றுவிடும். தளம் தாழ்ந்தால் ஈர்ப்பு மையமும் தாழும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஒவ்வொரு வகை வாகனத்தின் முன்மாதிரியையும் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதிக்கக் கட்டளையிட்டன. 1966இல் புனேயில் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. அத்தகைய ஒன்று. ஆனால் ஓர் இடைவெளி இருந்தது. சோதனைக்குப் போனது அடிச்சட்டம். பயணிகள் உட்காரும் கூண்டோ பிறகு வேறொரு பட்டறையில் கட்டப்பட்டது. கூண்டுக்கென்றே ஏ.ஐ.எஸ். 052 என்ற நெறிமுறை பிற்பாடுதான் வந்தது.

அமெரிக்கா கற்ற பாடம்

அமெரிக்காவில் நகரப் பேருந்தின் விலையில் 80 விழுக்காடு வரை மைய அரசு தந்துவந்தது. 1980 டிசம்பரில் நியூயார்க் நகரம், கிரம்மன் பிளெக்சிபிள் 870 என்னும் புதுவகைப் பேருந்துகளின் அடிப்பகுதியில் விரிசல் கண்டு அவற்றைத் திரும்பப் பெற்றது. வரிப்பணத்தில் வாங்கிய வண்டிகள் வரிசையாக நின்றன. அதன்பின், 1987இல் ஒரு சட்டம் வந்தது: புதுவகைப் பேருந்துக்குச் சோதனை அறிக்கை இல்லையேல் மைய அரசின் பணம் இல்லை. பென்சில்வேனியாவின் அல்டூனாவில் சோதனை நிலையம் எழுந்தது. 12 ஆண்டுகள், 8 லட்சம் கி.மீ. ஓட வேண்டிய வண்டியின் தேய்மானத்தைக் கரடுமுரடான தடத்தில் சில மாதங்களில் அங்கே வரவழைத்துப் பார்க்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், முதலில் அது அறிக்கை மட்டுமே தந்தது. தேர்ச்சி, தோல்வி என்ற முடிவு 2016இல்தான் விதியானது.

நம் நாட்டில் நிபந்தனை

நம் மைய அரசு 2009இல் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பித்தல் இயக்கத்தின் வழியே பேருந்து வாங்க மானியம் தந்தது. தமிழகத்தில் சென்னை, கோவை, மதுரை ஆகியவை அந்த இயக்கத்தின் நகரங்கள். தூத்துக்குடி அப்பட்டியலில் இல்லை. மானியத்தோடு நகரப் பேருந்துக்கான தர வரையறையும் வந்தது. தளத்தின் உயரம் 400, 650, 900 மி.மீ. என வகுக்கப்பட்டது. படியின் உயரம் முதன்முறையாகப் பணத்தோடு பிணைக்கப்பட்டது எனலாம்.

2019இல் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன் வந்தது. அதன் அக்கறை புகையைப் பற்றியது. எனவே பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளும் மின் பேருந்துகளும் கேட்கப்பட்டன. தளத்தின் உயரத்தைக் கேட்டவர்கள் மாற்றுத்திறனாளிகள். 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்தைக் கையில் கொண்டு அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடினார்கள். 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின.

ஆக, பேருந்து எந்தத் தேர்வை எழுதுகிறதோ அதில் மட்டுமே தேறுகிறது. எஞ்சினைக் கேட்டால் எஞ்சின் சிறக்கும். புகையைக் கேட்டால் புகை குறையும். படியைக் கேளாதவரை படி இறங்காது. கொள்முதலுக்கான பணம் வரியாகவும் கட்டணமாகவும் நம்மிடமிருந்தே போகிறது. வினாத்தாளில் ஒரு வினாவைச் சேர்க்கும் உரிமை நமக்கும் உண்டு அல்லவா?